எவ்வாறு பட்டார் என்று எழுதாத நடுகல்

2021 டிசம்பர் 8 அன்று குன்னூருக்கு அருகே ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. அந்த வாரம் நான் பணிபுரியும் கல்லூரியில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. ஒரு நிமிட மௌனம், மலர் தூவல், பிறகு வழக்கம்போல் கவியரங்கம். ஐந்து பேர் கவிதை வாசித்தோம். ஐந்திலும் 'வீரமரணம்' வந்தது, 'மண்ணுக்கு விதையானார்' வந்தது, புறநானூற்றுத் தாய் வந்தாள். ஐவரில் நானும் ஒருவன். கைதட்டலும் வாங்கினேன்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, வீரமரணம்னா போர்ல சாகறதுதானே? இவங்க யாரோடயும் சண்டை போடலையே. அது ஏன் விழுந்துச்சுன்னு ஒருத்தருமே பேசலையே?"

"விசாரணை நடக்கிறதம்மா, தெரியவரும்" என்றேன். ஓர் ஆசிரியன் சொல்லக்கூடிய மிகச் சோம்பேறித்தனமான பதில் அது. அவள் படிப்பை முடித்துப் போய்விட்டாள். பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் வைத்திருக்கும் கடனின் ஒரு பகுதி. இலக்கியம் பேசும் இடத்தில் விமான விபத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குற்றவாளிக் கூண்டில் நம் இலக்கியமும் நிற்கிறது என்பதுதான் என் கட்சி.

*

குன்னூரை விட்டு ஐந்தாண்டுகள் பின்னால் போவோம். 2016 ஜூலை 22, ஆடி வெள்ளி. எங்கள் குந்தாரப்பள்ளியில் வெள்ளிதான் சந்தை நாள். ஆடும் மாடும் ஏற்றிய வண்டிகள் விடியலிலிருந்தே நெடுஞ்சாலையோரம் வரிசைகட்டி நிற்கும். அன்று பிற்பகல் தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில்தான் அந்தச் செய்தியைப் பார்த்தேன்: தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட போக்குவரத்து விமானத்தைக் காணவில்லை. ஆட்டு வியாபாரி ஒருவர் "ஆடு காணாமப் போகும், ஏரோப்ளேன் எப்படிப்பா காணாமப் போகும்?" என்றார். கடையே சிரித்தது. இன்று நினைத்தால் அதுவே அன்றைக்குக் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி.

அது ஆன்டனோவ் ஏஎன்-32 வகை விமானம், எண் கே-2743. காலை 8.30 மணியளவில் கிளம்பியது. ஏறத்தாழ 23,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது, திடீரென்று இடப்புறம் திரும்பி, வேகமாக உயரம் இழந்து, 9.12 மணிக்குச் சென்னையிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தொலைவில் ரேடாரிலிருந்து மறைந்தது. உள்ளே 29 பேர். விமானக் குழுவினர் 6, விமானப்படையினர் 11, தரைப்படையினர் 2, கடற்படையிலும் கடலோரக் காவல்படையிலுமிருந்து தலா ஒருவர், விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆயுதக் கிடங்கின் சீருடையற்ற ஊழியர்கள் 8. இந்தக் கடைசி எட்டுப் பேரை மறந்துவிடாதீர்கள். 'வீரர்கள்' என்று நாம் பாடிய பாட்டில் அவர்கள் இல்லை. அவர்கள் வேலைக்குப் போனவர்கள், நம் ஊரிலிருந்து காலை ஷிப்டுக்குக் கம்பெனிப் பேருந்தில் ஏறுகிறவர்களைப் போல.

கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி, செயற்கைக்கோள் படங்கள் என்று வாரக்கணக்கில் தேடினார்கள். ஆழ்கடல் ஆய்வுக்குச் சாகர் நிதியும் சமுத்திர ரத்னாகரும் சென்றன. தேடியவர்களின் உழைப்பில் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. செப்டம்பர் நடுவில் 29 பேரும் இறந்ததாகவே கருதப்படுகிறார்கள் என்று குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது.

பிறகு ஏழாண்டுகளுக்கு மேல் மௌனம். 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ஒரு செய்திக் குறிப்பு வெளியிட்டது. தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலம், 3,400 மீட்டர் ஆழத்தில், நொறுங்கிய விமானம் ஒன்றின் பாகங்களைப் படமெடுத்திருக்கிறது. அவை ஏஎன்-32 வகையோடு ஒத்துப்போகின்றன. அப்பகுதியில் வேறு விமானம் காணாமற்போனதாகப் பதிவில்லை என்பதால் இது கே-2743 ஆக இருக்கக்கூடும் என்றது குறிப்பு. அந்த நிறுவனம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. விமானம் கிளம்பிய தாம்பரத்திலிருந்து நகரப் பேருந்தில் போய்விடலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. சிதைவுகள் கிடந்த இடம் சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல், 'சுமார் 310 கிலோமீட்டர்' என்றது அக்குறிப்பு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 259 வருகிறது. ஐம்பது கிலோமீட்டர் பிசகு. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் உள்ள தொலைவு அது. நான் குடியிருக்கும் ஊரே அந்தப் பிசகுக்குள் அடங்கிவிடும். 29 பேரின் கல்லறை எங்கே என்று நாட்டுக்குச் சொல்லும் தாளில் இரண்டு எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பெரும்பாலான செய்தித்தாள்கள் அதை அப்படியே அச்சிட்டன. கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றாதது ஏன்? துக்கச் செய்தியில் கணக்குப் பார்ப்பது அநாகரிகம் என்று நாம் பழகிவிட்டோம். நான் எதிர்க்க விரும்புவது இந்தப் பழக்கத்தைத்தான்.

*

ஏன் விழுந்தது? தெரியாது. ஏழாண்டுகள் ஏன் கிடைக்கவில்லை? இதற்குப் பதில் ஓரளவு தெரியும். நீரில் மூழ்கிய பின்னும் ஒலி எழுப்பித் தன் இருப்பிடத்தைக் காட்டும் கருவி அந்த விமானத்தில் பொருத்தப்பட்டிருக்கவில்லை என்று 2016இலேயே செய்திகள் வந்தன. அவசரக் காலத்தில் இடம் காட்டும் வேறு கருவிகள் இருந்தன. ஆனால் அவற்றின் வானொலிச் சமிக்ஞை ஆழ்கடலுக்கடியிலிருந்து மேலே வராது.

இது எதிர்பாராத நிலைமையா? 1986 மார்ச் 25 அன்று, சோவியத் ஒன்றியத்திலிருந்து புத்தம் புதிதாக வாங்கிக் கொண்டுவரப்பட்ட ஓர் ஏஎன்-32, ஓமானிலிருந்து ஜாம்நகர் வரும் வழியில் அரபிக்கடலின் மேல் ஏழு பேரோடு மறைந்தது. அதன் தடயமே கிடைக்கவில்லை. அதே வகை விமானம், கடலுக்கு மேல், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே. 2009இல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் 2011இல் அதைக் கண்டுபிடித்துப் பதிவுக் கருவிகளை மேலே கொண்டுவந்து வாசித்தார்கள். 2012இல் முழு அறிக்கை வெளியானது. உறைந்துபோன வேகமானிக் குழாய்கள், விமானிகள் தடுமாறிய விதம், பயிற்சியில் இருந்த ஓட்டை எல்லாம் அதில் உண்டு. அதன் விளைவாக, நீரடி ஒலிக்கருவியின் ஆயுள் 30 நாளிலிருந்து 90 நாளாக உயர்த்தப்பட்டது. 2014இல் எம்எச்370 மறைந்தபோது தேடியவர்களில் இந்தியாவும் ஒன்று. இத்தனைக்கும் பிறகு, தாம்பரத்துக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நெடுநேரம் கடலின் மேலேயே பறக்கும் விமானம் அந்தக் கருவி இல்லாமல் போனது என்றால், அதை விதி என்று சொல்வதா, ஒரு கோப்பில் எவரோ போடாமல் விட்ட கையெழுத்து என்று சொல்வதா?

இந்த இடத்தில் எங்கள் வட்டாரத்துச் சேதி ஒன்றைச் சொல்ல வேண்டும். சூளகிரியிலிருந்து ஓசூர் வரை சாலையின் இருபுறமும் பட்டறைகளும் தொழிற்சாலைகளும்தான். என் பழைய மாணவன் ஒருவன் அவற்றில் ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். தமிழ் படித்துவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனவன். அவனிடம் கேட்டேன்: "ஒரு போல்ட்டில் மரை சரியில்லை என்று வாங்கியவர் திருப்பி அனுப்பினால் என்ன செய்வீர்கள்?" அவன் சிரித்தான். "ஐயா, ஒரு போல்ட் திரும்பி வந்தா அன்னைக்குச் சாப்பாடு இல்லை. எந்த மிஷின், எந்த ஷிப்ட், எந்த லாட், யார் ஓட்டினது, கேஜ் எப்போ சரிபார்த்தது, எல்லாம் எழுதணும். ஏன், ஏன்னு அஞ்சு தடவை கேட்டு அஞ்சாவது ஏன்ல நிக்கிற காரணத்தை எழுதணும். 'ஓட்டினவன் தப்பு'ன்னு எழுதினா வாங்கமாட்டாங்க. அவன் தப்புப் பண்ணும்படி நீ ஏன் வச்சிருந்தேன்னு கேப்பாங்க."

நண்பர்களே, இந்தக் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். ஓசூர்ச் சாலையில் மரை தேய்ந்த ஒரு போல்ட்டுக்குக் கிடைக்கும் மரியாதை அது.

இப்போது குன்னூருக்குத் திரும்புவோம். முப்படைகளின் கூட்டு விசாரணை நடந்தது. 2022 ஜனவரி 14 அன்று அதன் முதற்கட்ட முடிவுகள் என்று சில வரிகள் வெளியாயின: இயந்திரக் கோளாறு இல்லை, நாசவேலை இல்லை, அலட்சியம் இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு குழம்பி, இயங்கும் நிலையிலேயே தரையில் மோதியது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை ஒன்றில், விபத்துகளின் பட்டியலில், காரணம் என்ற கட்டத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: மனிதத் தவறு. அடைப்புக்குறிக்குள் விமானக் குழு.

அலட்சியமும் தவறும் ஒன்றல்ல. ஆகவே இரண்டு கூற்றுகளும் முரண்பட்டவை என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் ஐந்து 'ஏன்'களில் இது எத்தனையாவது? மேகம் இறங்கும் மலையில் அன்று பறக்கலாம் என்று முடிவெடுத்தது யார், எந்த வானிலைத் தகவலின் அடிப்படையில்? மேட்டுப்பாளையம் சாலை இருக்க, வான்வழி ஏன்? தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி என்ன சொன்னது? அந்த விசாரணையில் இவை கேட்கப்பட்டிருக்கலாம், பதிலும் எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் அறிக்கை பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை. நமக்குக் கிடைத்தது ஒரு கட்டம், அதில் இரண்டு சொல், ஓர் அடைப்புக்குறி. இறந்துபோன விமானிகள் எழுந்துவந்து மறுக்கமாட்டார்கள் என்பது அந்த அடைப்புக்குறிக்குப் பெரிய வசதி. இறந்தபோது மாலை போட்டுப் பாடினோம். மூன்று ஆண்டு கழித்துப் பழியை அவர்கள் மேல் இறக்கிவைத்தபோது பாட்டுப் பாடிய ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் உட்பட.

*

மறுப்புகள் வரும் என்று தெரியும். மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ராணுவ ரகசியம். எதிரிக்குத் தெரியக்கூடாதவை உண்டு, ஏற்கிறேன். அந்தப் பத்திகளை மை பூசி மறையுங்கள். ஆனால் 1984 முதல் பறக்கும், உலகத்துக்கே தெரிந்த ஒரு சோவியத் காலத்துச் சரக்கு விமானத்தின் பராமரிப்பில் என்ன ரகசியம்? அமெரிக்காவில் 2017 ஜூலை 10 அன்று அவர்களுடைய மரைன் படையின் கேசி-130டி போக்குவரத்து விமானம் மிசிசிப்பியில் விழுந்து 16 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான விசாரணை முடிவு, 2011இல் பழுதுபார்க்க வந்த ஒரு சுழல்விசிறி அலகில் இருந்த அரிப்பைப் பணிமனை நீக்காமல் விட்டது என்று ஊரறியச் சொன்னது. அதனால் அமெரிக்கப் படை பலவீனப்பட்டதாக எவரும் சொல்லவில்லை.

இரண்டாவது, வெளியிடுவோம் என்றால் சாட்சிகள் உண்மை பேசமாட்டார்கள் என்பது. இது நேர்மையான வாதம். இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்க விமானப்படையில் இரண்டு விசாரணைகள் நடக்கும். ஒன்று மறைவானது, பாடம் கற்பதற்கு. மற்றொன்று வெளிப்படையானது, குடும்பங்களுக்கும் மக்களுக்கும். நம்மிடம் முதலாவது மட்டும் இருக்கிறது. பயணிகள் விமானம் விழுந்தால் விசாரிக்க நமக்கு 2012 முதல் தனி அமைப்பு உண்டு, அது அறிக்கைகளை வெளியிடுகிறது. ராணுவ விமானம் அதன் எல்லைக்குள் வராது. காசு கொடுத்துப் பறந்தவன் ஏன் செத்தான் என்று தெரிந்துகொள்ளலாம். கட்டளையின் பேரில் பறந்தவன் ஏன் செத்தான் என்று தெரிந்துகொள்ளக்கூடாது. இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது, குடும்பங்களை மறுபடி நோகடிக்காதே என்பது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். 1994 ஜூன் 2 அன்று ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டைரில் பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் மலையில் மோதியது. இறந்தவர்கள், நம் கே-2743இல் இருந்த அதே எண்ணிக்கை, 29 பேர். மறு ஆண்டே இரண்டு உயர் அதிகாரிகள் பழியை இறந்த இரு விமானிகள் மேல் போட்டார்கள்: பெரும் அலட்சியம் என்று. விமானிகளின் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. பதினாறு ஆண்டுகள் போராடினார்கள். பிரபுக்கள் அவையின் குழு 2002இல் அவர்கள் பக்கம் நின்றது. அப்போதும் அரசு அசையவில்லை. 2011இல் மறு ஆய்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொன்னது. அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அங்கும் எல்லாம் திறந்து கிடக்கவில்லை. சில கோப்புகள் நூறாண்டுகளுக்குப் பூட்டப்பட்டிருக்கின்றன, குடும்பங்கள் இன்னும் கதவைத் தட்டுகின்றன. ஆனால் அவர்கள் போராட முடிந்தது எதனால்? பழி எழுத்தில், வெளியில் இருந்தது. எதிர்த்து வாதாட ஒரு வாசகம் இருந்தது. நம் குடும்பங்களுக்கு எதிர்த்து வாதாடக்கூட ஒரு தாள் இல்லை.

*

இனி நம் பங்குக்கு வருகிறேன்.

எங்கள் மாவட்டமும் பக்கத்துத் தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களும் நடுகற்களின் நிலம். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். தொல்காப்பியம் புறத்திணையில் கல்லைத் தேடிக் காண்பது தொடங்கி வாழ்த்துவது வரை படிப்படியாக முறை வகுத்திருக்கிறது. ஆண்டுதோறும் வகுப்பில் இதை நடத்துகிறேன். ஆனால் பொறிப்புள்ள நடுகற்களின் வாசகத்தை உற்று நோக்குங்கள். எந்த மன்னன், அவனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறுவை யார் கொண்டுபோனார்கள், அதை மீட்கையில் யார் பட்டார். அவ்வளவுதான். அதில் 'விதையானார்' இல்லை, 'விண்ணதிர' இல்லை. காலம், இடம், காரணம், பெயர். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், கள்வரை எதிர்த்து நின்ற நாய்க்கும் இடமிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய் எவ்வாறு பட்டது என்று எழுதி வைத்த மரபு இது.

அந்த மரபின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் என்ன செய்கிறோம்? கையறுநிலையை மட்டும் எடுத்துக்கொண்டோம். கல்லின் வாசகத்தை விட்டுவிட்டோம். ஒரு விபத்து நடந்ததும் அதை 'வீரமரணம்' என்று பெயர் மாற்றிக் கொடுப்பதில் அரசுக்கு முன்னால் ஓடுவது நம் கவிஞர்கள்தான். வீரமரணத்துக்குக் காரணம் கேட்கமாட்டார்கள், எதிரிதான் காரணம். விபத்துக்குக் காரணம் கேட்பார்கள். ஆகவே சொல்லை மாற்றினால் கேள்வி செத்துவிடுகிறது. அந்த வேலையை நாம் கூலியில்லாமல் செய்து கொடுக்கிறோம். பட்டிமன்ற மேடையில் மட்டுமல்ல, சிற்றிதழிலும் இதுதான் நடக்கிறது; அங்கே உவமை கொஞ்சம் நாகரிகமாக இருக்கும், அவ்வளவே. இறந்தவர்களுக்கு மரியாதை செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கடமையில் இறந்தார்கள், அது பெரிது. பெரிது என்பதாலேயே, எதனால் என்று சொல்லும் கடமை நமக்குக் கூடுகிறது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வொரு ராணுவ விமான விபத்துக்கும், மறைக்க வேண்டியதை மறைத்த ஒரு சுருக்க அறிக்கை, குறித்த காலத்துக்குள், நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அது குடும்பத்தின் கைக்கு முதலில் போக வேண்டும். அதில் பரிந்துரைகள் இருக்க வேண்டும்; எவை நிறைவேறின என்று அடுத்த ஆண்டு சொல்ல வேண்டும். வங்கக்கடலைக் கடக்கும் ஒவ்வொரு படை விமானத்திலும் நீரடி ஒலிக்கருவி இருக்கிறதா, இல்லையா என்று ஒரு வரி வேண்டும். 3,400 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் பதிவுக் கருவிகளை எடுக்க முயல்வார்களா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று இன்னொரு வரி. 1987இல் மொரீசியஸ் அருகே விழுந்த தென்னாப்பிரிக்க விமானத்தின் ஒலிப்பதிவுக் கருவியை 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தார்கள். முடியாத வேலை என்று எங்களிடம் சொல்லாதீர்கள்; முடியாது என்று முடிவெடுத்திருந்தால், அதை யார், எப்போது எடுத்தார் என்று சொல்லுங்கள். 140 கடல் மைலா, 310 கிலோமீட்டரா என்பதையும் முடிந்தால் ஒரு முறை பெருக்கிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த அஞ்சலிக் கூட்டம் வரும். எவரும் விரும்பவில்லை, ஆனாலும் வரும். அன்றைக்கு என்னைக் கவிதை வாசிக்க அழைத்தால் மறுத்துவிடப் போகிறேன். மாறாக, நடுகல் வாசகம்போல் ஒன்றை வாசிக்க அனுமதி கேட்பேன்: இந்த ஆண்டில், இந்த நாளில், இந்த இடத்தில், இன்னின்னார் பட்டார். எதனால் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, அந்த வரி இன்னும் தரப்படவில்லை என்று சொல்லி இறங்கிவிடுவேன். கைதட்டல் கிடைக்காது. அந்த மாணவி அவையில் இருந்தால் மட்டும் புரிந்துகொள்வாள்.